பூட்டிய கார், பூட்டாத துப்பாக்கி: சான் பிரான்சிஸ்கோ, 2015

2015 ஜூன் 27, சனிக்கிழமை இரவு. சான் பிரான்சிஸ்கோவின் எம்பார்கடெரோ கடலோரச் சாலையில் நின்றிருந்த ஒரு காரின் கண்ணாடியை உடைத்து யாரோ ஒரு பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த ஊரில் அது செய்தியே அல்ல. ஆனால் காருக்குச் சொந்தக்காரர் மத்திய அரசின் நில மேலாண்மைப் பணியகத்தில் வேலை பார்த்த, காவல் அதிகாரம் உள்ள ஒரு ரேஞ்சர். குடும்பத்தோடு பயணத்தில் இருந்தவர், காரை நிறுத்திவிட்டு இறங்கிப் போயிருந்தார். களவு போன பைக்குள் அவருடைய சிக் சாவர் பி239 கைத்துப்பாக்கி, தோட்டா நிரப்பியபடியே இருந்தது.

நான்கு நாள் கழித்து, ஜூலை 1 மாலை, அதே கடலோரச் சாலையில் உள்ள பியர் 14 என்ற நடைமேடையில் தந்தையோடு நடந்துகொண்டிருந்த கேட் ஸ்டைன்லி என்ற 32 வயதுப் பெண் குண்டு பட்டு இறந்தார். குண்டு வந்தது அந்தத் துப்பாக்கியிலிருந்து.

இதன் பிறகு நடந்தது அமெரிக்கா முழுவதும் தெரிந்த கதை. கைதானவர் பலமுறை நாடுகடத்தப்பட்டவர் என்பதால் விவாதம் முழுக்கக் குடியேற்றத்தின் பக்கம் போய்விட்டது. தேர்தல் மேடைகளில் பேசினார்கள், நாடாளுமன்றத்தில் அந்தப் பெண்ணின் பெயரால் ஒரு மசோதாகூட வந்தது. அந்த விவாதம் இந்த ஆய்வுக்குள் வராது. இங்கே பார்க்கப் போவது முதல் நாள் இரவை மட்டும்: ஆளில்லாத காரில் ஒரு துப்பாக்கி எப்படி இருந்தது, எப்படி இருந்திருக்கலாம், சட்டம் அன்று என்ன சொன்னது, இன்று என்ன சொல்கிறது. துப்பாக்கி வைத்திருக்கும் ஒரு சாதாரண மனிதரின் கையில் இருப்பது அந்தப் பகுதி மட்டும்தான்.

நான்கு நாளில் நடந்தது

கண்ணாடி உடைத்த ஆள் யார் என்பது நிரூபிக்கப்படவே இல்லை. அந்தக் களவுக்காக யார் மீதும் வழக்கு வரவில்லை. ரேஞ்சர் களவைத் தெரிந்துகொண்டதும் நகரப் போலீசில் புகார் கொடுத்தார். துப்பாக்கியின் சீரியல் நம்பர் நாடு முழுதும் போலீசார் பார்க்கும் களவுப் பொருள் தரவகத்தில் ஏறியது. அதாவது, களவுக்குப் பிந்தைய நடைமுறையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அது எதையும் தடுக்கவும் இல்லை. தரவகத்தில் ஏறிய நம்பர், போலீசார் அந்தத் துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகுதான் உதவும்.

நடுவில் அது யார் யார் கைக்குப் போனது என்று தெரியாது. நடைமேடையில் ஓர் இருக்கையின் அடியில் துணியில் சுற்றிக் கிடந்ததை எடுத்தபோது வெடித்துவிட்டது என்பது குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பின் வாதம். அரசுத் தரப்பு அதை ஏற்கவில்லை. இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்ட விஷயம் ஒன்று உண்டு: குண்டு நேராகப் பாயவில்லை. சுட்ட இடத்திலிருந்து சுமார் 12 அடி தூரத்தில் தரையில் பட்டுத் தெறித்து, அதன்பின் வெகு தூரம் போய் அந்தப் பெண்ணின் முதுகில் பாய்ந்தது. துப்பாக்கி கடலுக்குள் எறியப்பட்டது; மறுநாள் முக்குளிப்பவர்கள் எடுத்தார்கள்.

2017 நவம்பர் 30 அன்று ஜூரி கொலை, மரணம் விளைவித்தல், தாக்குதல் ஆகிய எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் குற்றம் சாட்டப்பட்டவரை விடுவித்தது. முன்பு தண்டனை பெற்றவர் துப்பாக்கி வைத்திருந்த குற்றம் மட்டும் நின்றது. 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. ஒரு கணம் மட்டும் கையில் வைத்திருந்தது குற்றமாகுமா என்பதைப் பற்றி ஜூரிக்கு விளக்கியிருக்க வேண்டும் என்பது காரணம். பிறகு மத்திய அரசு தொடுத்த தனி வழக்கில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2022இல், ஏற்கெனவே சிறையில் கழித்த காலமே தண்டனை என்று முடிந்தது.

துப்பாக்கியைச் சுற்றி என்னென்ன இருந்தது

விபத்து ஆய்வுகளில் அடுக்கு அடுக்காகப் பார்ப்பது வழக்கம். ஒரு கேடு நடக்க எத்தனை தடைகளைத் தாண்ட வேண்டியிருந்தது, அவை ஒவ்வொன்றும் எவ்வளவு வலுவானது என்று எண்ணுவார்கள். இங்கே எண்ணினால் கணக்கு சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

வெளி அடுக்கு கார். கார்க் கதவின் பூட்டு கதவைத்தான் பூட்டுகிறது, ஜன்னலை அல்ல. பக்கக் கண்ணாடிகள் உடைந்தால் ஆளைக் கிழிக்காதபடி சிறு துண்டுகளாக உதிரும் வகையில் பதப்படுத்தப்பட்டவை. பயணிக்கு அது பாதுகாப்பு, திருடனுக்கு அது வசதி. கண்ணாடி உதிர்ந்து, கை உள்ளே போய், பை வெளியே வர அரை நிமிடம்கூட ஆகாது. அலாரம் அடித்தாலும் தெருவில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சான் பிரான்சிஸ்கோவில் 2017இல் மட்டும் கார் உடைப்புப் புகார்கள் 31,000ஐத் தாண்டின. சுற்றுலா வருபவர்கள் நடக்கும் கடலோரச் சாலை, பயணச் சாமான் ஏற்றிய கார், சனிக்கிழமை இரவு. இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் காரைத் தடை என்றே கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது என் கருத்து.

அடுத்த அடுக்கு பை. இது தடையே அல்ல, உண்மையில் எதிர்மாறு. கார் உடைப்பவர்கள் துப்பாக்கியைத் தேடி வருவதில்லை, பையைத் தேடி வருகிறார்கள். உள்ளே லேப்டாப்போ கேமராவோ இருக்கும் என்ற நம்பிக்கையில் தூக்குகிறார்கள். பையைத் திறந்து பார்க்கும்வரை உள்ளே துப்பாக்கி இருப்பதே அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். துப்பாக்கியைப் பைக்குள் வைப்பது, மறைத்து வைத்ததாக நமக்குத் தோன்றும். திருடனுக்கோ அது கைப்பிடி வைத்துக் கட்டித் தந்த பொட்டலம்.

கடைசி அடுக்கு துப்பாக்கி. பி239 வகையில் கையால் போடும் தனிப் பாதுகாப்பு விசை கிடையாது. தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் சுத்தியலை மெதுவாக இறக்கும் நெம்பு மட்டும் உண்டு. சுத்தியல் இறங்கியிருந்தால் முதல் குண்டுக்குச் சுடும் விசையை (ட்ரிகர்) நீளமாக, பலமாக இழுக்க வேண்டும். சுத்தியல் பின்னால் ஏறியிருந்தால் லேசாக இழுத்தாலே போதும். பயிற்சி பெற்றவர் கையில் இது குறையே அல்ல. ஆனால் அந்தத் துப்பாக்கி பயிற்சி பெற்றவர் கையைவிட்டுப் போன பிறகு, அதில் தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் மிச்சமிருக்கும் பாதுகாப்பு. அதுவும் இல்லை.

ஆக, பூட்டு என்று சொல்லத்தக்க பொருள் அந்தக் காருக்குள் ஒன்றுகூட இல்லை.

சட்டத்தில் இருந்த ஓட்டை

இந்த வழக்கில் பலரும் கவனிக்காமல் போன பகுதி இது. கலிபோர்னியாவில் சாதாரணக் குடிமக்கள் கைத்துப்பாக்கியைக் காரில் கொண்டுபோவதற்கு அப்போதே கறாரான விதி இருந்தது. துப்பாக்கி டிக்கிக்குள் பூட்டியிருக்க வேண்டும், அல்லது பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். டேஷ்போர்டில் உள்ள சிறு அறையைப் பூட்டிய பெட்டியாகக் கணக்கில் எடுக்க முடியாது. காவல் துறையினருக்கும் மறைத்து ஏந்தும் உரிமம் உள்ளவர்களுக்கும் அந்த விதி பொருந்தவில்லை. துப்பாக்கியை உடம்போடு வைத்திருப்பவர்கள் என்ற எண்ணத்தில் கொடுத்த விலக்கு அது. அவர்கள் துப்பாக்கியைக் கழற்றிக் காரில் வைத்துவிட்டு இறங்கிப் போனால் என்ன என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

அந்த இலையுதிர் காலத்திலேயே இன்னொன்று நடந்தது. 2015 செப்டம்பரில் பக்கத்து ஊரான ஓக்லாந்தில், மேம்பாலத்துக்கு அடியில் சுவரோவியம் வரைந்துகொண்டிருந்த ஓர் இளம் ஓவியர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தத் துப்பாக்கியும் சான் பிரான்சிஸ்கோவில் நிறுத்தியிருந்த காரிலிருந்து, இன்னொரு மத்திய அரசு அதிகாரியிடமிருந்து களவு போனதுதான்.

2016 செப்டம்பரில் கலிபோர்னியாவில் எஸ்பி 869 என்ற மசோதா சட்டமாகி, 2017 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இப்போது தண்டனைச் சட்டத் தொகுப்பின் 25140ஆம் பிரிவாக இருக்கிறது. காவலர்களும் உரிமதாரர்களும் உட்பட எல்லோருக்கும் இதுதான் விதி: ஆளில்லாத வாகனத்தில் கைத்துப்பாக்கியை விட்டுப் போனால் அது டிக்கியில் பூட்டியிருக்க வேண்டும், அல்லது பூட்டிய பெட்டிக்குள் வைத்து அந்தப் பெட்டி வெளியிலிருந்து பார்வைக்குப் படாமல் இருக்க வேண்டும். பெட்டியை வாகனத்தின் உள்ளே நிலையாகப் பொருத்தியும் வைக்கலாம்.

சட்டத்தின் விளக்கப் பகுதியைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் பலர் சறுக்குவது அங்கேதான். டிக்கி என்றால் பயணிகள் அமரும் பகுதியிலிருந்து எட்ட முடியாத, முழுக்க மூடிய அறை. ஹேட்ச்பேக்கின் பின்பகுதி டிக்கி ஆகாது, எஸ்யுவியின் பின்பகுதியும் ஆகாது. ஜன்னல் உள்ள எந்த அறையும் ஆகாது. இன்று தெருவில் ஓடும் கார்களைப் பார்த்தால், சட்டப்படி டிக்கியே இல்லாதவைதான் எங்கும். பின்பக்கம் ஒரு துணித்திரையை இழுத்துவிட்டு, டிக்கியில் வைத்துவிட்டேன் என்று நினைப்பவருக்கு இந்தப் பிரிவின்படி பூட்டிய பெட்டி தேவை. ஆளில்லாத வாகனம் என்பதற்கும் இங்கே அளவு உண்டு: வேறொருவர் துப்பாக்கியை எடுக்கப் போனால் தடுக்கும் தூரத்தில் நீங்கள் இல்லையென்றால், அது ஆளில்லாத வாகனம். எரிபொருள் போட்டுவிட்டுப் பணம் கட்டக் கடைக்குள் போகும் நேரமும் அதில் அடங்கிவிடலாம்.

மீறினால் அபராதம் 1,000 டாலர் வரை. அவ்வளவுதான். காவலர்களுக்கு இரண்டு சலுகைகள் உண்டு. உடனடியாக ஓட வேண்டிய அவசரத்தில் விதி பொருந்தாது. டிக்கி இல்லாத வாகனத்தில் வேறு வழியே இல்லையென்றால் முன் இருக்கைகளுக்கு இடையில் உள்ள சிறு அறையான நடு கன்சோலில் பூட்டுப் போட்டு வைக்கலாம். தோட்டாவை எடுத்துவிட வேண்டும் என்று இந்தப் பிரிவு சொல்லவில்லை. பியர் 14ஐ நினைத்துப் பார்த்தால் அது ஒரு குறையாகவே எனக்குப் படுகிறது.

நீதிமன்றம் சொன்னதும் சொல்லாததும்

ஸ்டைன்லியின் பெற்றோர் நகர நிர்வாகத்தின் மீதும் மத்திய அரசின் மீதும் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். நகரத்தின் மீதான பகுதி முன்னதாகவே தள்ளுபடியானது. ரேஞ்சரின் கவனக்குறைவுக்கு மத்திய அரசு பொறுப்பு என்ற பகுதி மட்டும் நீடித்தது. 2020இல் மாவட்ட நீதிமன்றமும், 2021இல் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும் அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தன. காரணம் இதுதான்: துப்பாக்கியைக் காரில் விட்டதற்கும் மரணத்துக்கும் நடுவே களவு, கைவிட்டது, வேறொருவர் எடுத்தது, அவர் கையில் வெடித்தது என்று பல நிகழ்வுகள் குறுக்கே வந்துவிட்டன, சங்கிலி அவ்வளவு நீண்டுவிட்டதால் சட்டப்படி நேரடிக் காரணம் என்று சொல்ல முடியாது.

இதைப் படித்துவிட்டு, காரில் வைத்தது தப்பில்லை என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது என்று பேசுபவர்கள் உண்டு. தீர்ப்பு அப்படிச் சொல்லவில்லை. பணம் கொடுக்க வேண்டிய கடமை அந்த நீளச் சங்கிலியைத் தாண்டி வராது என்றுதான் சொன்னது. சங்கிலி இன்னும் குட்டையாக இருந்தால், உதாரணமாகத் தன் காரிலிருந்து வீட்டுப் பிள்ளையே எடுத்து விபத்து நடந்தால், கணக்கு வேறாகலாம்.

வேறு எப்படி இருந்திருந்தால்?

யூகம்தான், ஆனால் பயனுள்ள யூகம். தோட்டாவைக் கழற்றித் தனியே வைத்திருந்தால், களவு நடந்திருக்கும், பியர் 14இல் குண்டு வெடித்திருக்க வாய்ப்புக் குறைவு. உடம்போடு எடுத்துப் போயிருந்தால் களவே இல்லை. 2004ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஒன்று தகுதியுள்ள காவல் பணியாளர்கள் நாடு முழுதும் துப்பாக்கியை மறைத்து ஏந்த அனுமதிக்கிறது. தங்கும் அறையில் உள்ள பெட்டகத்தில் பூட்டியிருந்தாலும் இந்தக் களவு இல்லை. காரில்தான் வைத்தாக வேண்டும் என்ற நிலையில், உலோகப் பெட்டியில் பூட்டி அதைக் காரின் உலோகச் சட்டகத்தோடு முடுக்கியிருந்தால், பையைத் தூக்கிப் போக வந்தவர் பையோடு போயிருப்பார். துப்பாக்கி காரிலேயே இருந்திருக்கும்.

எனவே வரிசை தெளிவு. முதலில், காரில் விடாமல் இருக்க வழி உண்டா என்று பார்க்க வேண்டும். ராத்திரி முழுக்கக் காரில் விடுவது எந்தக் கணக்கிலும் சேராது. வீட்டு வாசலில் நிற்கும் கார் என்றாலும் சரி. கார் தற்காலிக இடம் மட்டுமே. துப்பாக்கியோடு நுழையக் கூடாத கட்டடத்துக்குள் போய்வரும் நேரம், அதற்கு மேல் இல்லை.

பெட்டி என்று வந்தால் கொஞ்சம் விவரமாகப் பேசலாம், ஏனென்றால் பெயரளவில் லாக் பாக்ஸ் என்று விற்பதில் பாதி, துப்பாக்கி வைக்கும் பெட்டி என்பதைவிட நகைப்பெட்டி என்றே சொல்லலாம். தகட்டின் கனத்தைக் கேஜ் எண்ணில் சொல்வார்கள். எண் குறையக் குறையக் கனம் கூடும். 16 கேஜ் எஃகு சுமார் ஒன்றரை மில்லிமீட்டர், 12 கேஜ் சுமார் 2.7 மில்லிமீட்டர். ஒன்றரை மில்லிமீட்டர் தகட்டை ஒரு நல்ல ஸ்க்ரூ டிரைவரும் பொறுமையும் இருந்தால் நெம்பலாம். ஆனால் கார் உடைப்பவரிடம் பொறுமை இருக்காது, நிமிடங்களும் இருக்காது. நெம்ப முடியாத பெட்டி தேவையில்லை. தெருவில் நின்று நெம்பிக்கொண்டிருக்க யாருக்கும் துணிவு வராத அளவுக்கு வலுவான பெட்டி போதும்.

அதைவிட முக்கியம் அது காரோடு பிணைந்திருக்கிறதா என்பது. கழன்று வரும் பெட்டி எவ்வளவு கனமான தகடாக இருந்தாலும், அதைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் வைத்து நிதானமாக உடைத்துவிடலாம். மலிவான வழி, பெட்டியோடு வரும் எஃகுக் கம்பிக் கயிறை இருக்கையின் அடிச்சட்டத்தில் சுற்றிப் பூட்டுவது. பெரிய கட்டர் இருந்தால் அந்தக் கயிறு சில நொடிகளில் அறுந்துவிடும், ஆனால் கண்ணாடி உடைக்கும் பெரும்பாலானவர்கள் கையில் கட்டர் இருக்காது. நல்ல வழி, பெட்டியின் உள்பக்கத்திலிருந்து போல்ட் போட்டு முடுக்குவது. பெட்டியைத் திறந்தால்தான் போல்ட்டைக் கழற்ற முடியும். நடு கன்சோலுக்குள் அளவெடுத்தாற்போல் பொருந்தும் பெட்டகங்களும் கிடைக்கின்றன; காரின் மாடலுக்கு ஏற்ப வாங்கினால் வெளியே தெரியாது என்பது கூடுதல் நன்மை. தரையைத் துளைக்கும் முன் ஒரு எச்சரிக்கை: முன் இருக்கைக்கு அடியில் ஏர்பேக் உணரிகளின் வயர்கள் ஓடும், தரைக்குக் கீழே எரிபொருள் குழாயும் பிரேக் குழாயும் போகலாம். தெரிந்த மெக்கானிக்கிடம் விடுவது நல்லது.

பூட்டு எந்த வகை என்பதில் எனக்கு இயந்திர வகைதான் பிடிக்கும். பொத்தான் அழுத்தும் இயந்திரப் பூட்டு, அல்லது சாவி. பேட்டரியில் ஓடும் விரல்ரேகைப் பெட்டி கடையில் அழகாகத் திறக்கும். வெயில் காலத்தில் மூடிய காருக்குள் சூடு ஏறி ஏறி, பனிக்காலத்தில் உறைந்து உறைந்து பேட்டரி எப்போது கைவிடும் என்று சொல்ல முடியாது. சாவி வகை என்றால் சாவியைக் காரின் கப் ஹோல்டரில் வைக்காமல் கூடவே எடுத்துப் போக வேண்டும். இதைச் சொல்ல வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டும்.

துப்பாக்கியின் விசையைப் பூட்டும் பூட்டும், குழல் வழியாக நுழைக்கும் கேபிள் பூட்டும் தனியாகக் களவைத் தடுக்காது, துப்பாக்கியோடு சேர்ந்தே போய்விடும். ஆனால் பெட்டிக்குள் அதையும் போட்டால் இன்னொரு அடுக்கு. நடைமேடையில் கிடந்த துப்பாக்கியில் ஒரு கேபிள் பூட்டு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கழற்றி வைக்கும்போது நடக்கும் விபத்து

காரில் பூட்டி வைப்பவர்கள் அதிகம் யோசிக்காத ஆபத்து இது. ஸ்டீயரிங்குக்கும் இருக்கைக்கும் நடுவில் இடுப்பை வளைத்துத் துப்பாக்கியை உறையிலிருந்து உருவி, தோட்டாவைக் கழற்றி, பெட்டியில் வைத்து, திரும்பி வந்து மறுபடி நிரப்பி, உறையில் சொருகும்போது தவறி வெடித்த கதைகள் எவ்வளவோ. குழல் எதிரே முழங்கால் இருக்கும், பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். முடிந்தால் உறையோடு சேர்த்தே கழற்றி, விசை மூடியபடியே பெட்டியில் வைப்பது நல்லது. தோட்டாவைக் கழற்றியே ஆக வேண்டிய இடம் என்றால், வீட்டிலேயே கழற்றிவிட்டுக் கிளம்புவது இன்னும் நல்லது.

வைக்கும் இடமும் கணக்கில் வரும். போய்ச் சேர்ந்த இடத்தின் பார்க்கிங்கில் நின்று பெட்டியைத் திறந்தால், அதைப் பார்க்கக் கூடாதவர் பார்த்துவிடுவார். இரண்டு தெரு முன்னாலேயே நிறுத்தி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அப்புறம் பின் கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கர்கள். துப்பாக்கி நிறுவனத்தின் சின்னத்தைக் காரில் ஒட்டிக்கொள்வது, உள்ளே துப்பாக்கி இருக்கிறது என்று எழுதி ஒட்டுவதற்குச் சமம். காரை வாங்கி நிறுத்தித் தரும் வாலே ஆளிடமோ பட்டறையிலோ விடும்போது துப்பாக்கி உள்ளே இருக்கக் கூடாது. இழுவை வண்டி தூக்கிப் போனால் கார் எந்த யார்டில் நிற்கும் என்றே உங்களுக்குத் தெரியாது.

சூட்டைப் பற்றிய பயம் மட்டும் கொஞ்சம் மிகை. மூடிய காரின் சூட்டில் தோட்டா தானாக வெடிக்காது. அதற்கு வேண்டிய வெப்பம் அதைவிட வெகு அதிகம். ஈரப்பதத்தால் துரு பிடிப்பது உண்மையான தொல்லை. ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றைப் பெட்டியில் போட்டு வைக்கலாம்.

எல்லை தாண்டினால் சட்டம் மாறும்

கலிபோர்னியா விதியை மனப்பாடம் செய்துவிட்டு வேறு மாநிலத்துக்குப் போனால் அது உதவாது. கனெக்டிகட் 2019இல் கொண்டுவந்த விதி டிக்கி, பூட்டிய பெட்டகம், பூட்டிய டேஷ்போர்டு அறை மூன்றையும் ஏற்கிறது. கலிபோர்னியா மூன்றாவதை ஏற்பதில்லை. கொலராடோ 2025 ஜனவரியிலிருந்து கைத்துப்பாக்கிக்குப் பூட்டிய கடினப் பெட்டி கேட்கிறது. பல மாநிலங்களில் இப்படி ஒரு விதியே கிடையாது. புளோரிடா வேறு திசையில் போனது: 2008இல் வந்த சட்டம், ஊழியர் தன் காரில் பூட்டி வைத்திருக்கும் சட்டபூர்வமான துப்பாக்கியை வேலைத்தளத்தின் பார்க்கிங்கில் வைக்க முதலாளி பொதுவாகத் தடை போட முடியாது என்கிறது.

மாநிலம் விட்டு மாநிலம் கடந்து போகிறவர்களுக்கு 1986ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஒரு பாதுகாப்பு தருகிறது. புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் துப்பாக்கி வைத்திருப்பது சட்டபூர்வமாக இருக்க வேண்டும். நடுவில் தோட்டா நிரப்பாமல், கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். தனி டிக்கி இல்லாத வாகனம் என்றால் பூட்டிய பெட்டி. அதிலும் டேஷ்போர்டு அறையும் கன்சோலும் சேராது. இது கடந்து போவதற்கான பாதுகாப்பு. நடுவழியில் ஓர் ஊரில் தங்கி இரண்டு நாள் சுற்றினால், அந்த ஊரின் சட்டம் பொருந்தும் என்று எடுத்துக்கொள்வதே பத்திரம்.

காரை எங்கே நிறுத்துகிறோம் என்பதும் சட்டக் கேள்விதான். பள்ளி வளாகத்திலிருந்து 1,000 அடிக்குள் மத்தியச் சட்டம் ஒன்று குறுக்கே வரும். தோட்டா நிரப்பாமல் பூட்டிய பெட்டியில் வைத்திருப்பது அதில் உள்ள விலக்குகளில் ஒன்று. தபால் நிலையங்களின் பார்க்கிங்கும் தபால் துறையின் தடைக்குள் வரும். கொலராடோக்காரர் ஒருவர், தபால் எடுக்க உள்ளே போகும் நேரம் துப்பாக்கியைக் காரில் பூட்டி வைக்க உரிமை வேண்டும் என்று வழக்குப் போட்டார். மாவட்ட நீதிமன்றம் பார்க்கிங் விஷயத்தில் அவர் பக்கம் நின்றது. 2015இல் பத்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றித் தடை செல்லும் என்றது. அந்தத் தடை மீது அதன் பிறகும் வழக்குகள் வந்துகொண்டே இருக்கின்றன. கிளம்புவதற்கு முந்தின நாள் போகும் மாநிலத்தின் சட்டப் பிரிவை அதன் அரசுத் தளத்தில் படித்துவிடுவது நல்லது. நண்பர் சொன்னார் என்பது நீதிமன்றத்தில் செல்லாது.

விதி வந்த பிறகு

அமெரிக்காவில் 2017 முதல் 2021 வரை தனியாரிடமிருந்து களவு போனதாகப் பதிவான துப்பாக்கிகள் 10 லட்சத்துக்கும் மேல் என்று துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் மத்திய முகமையின் அறிக்கை சொல்கிறது. நகரங்களின் போலீஸ் தரவை எடுத்து எவரிடவுன் என்ற அமைப்பு செய்த ஆய்வின்படி, களவு போகும் துப்பாக்கிகளில் பாதிக்கு மேல் இப்போது கார்களிலிருந்து போகின்றன. பத்தாண்டுகளுக்கு முன் அது கால் பங்குகூட இல்லை. எவரிடவுன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டைக் கோரும் அமைப்பு என்பதையும் சொல்லிவிட வேண்டும். எண்கள் போலீஸ் துறைகள் கொடுத்தவை.

எஸ்பி 869 நடைமுறைக்கு வந்த அதே 2017, ஆகஸ்ட் மாதம், சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதியில் 23 வயது இளைஞர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். துப்பாக்கி அந்த நகரத்துப் போலீஸ்காரர் ஒருவருடையது. அவருடைய சொந்தக் காரிலிருந்து களவு போனது.

சரி, எல்லாம் செய்தும் களவு போனால்? சீரியல் நம்பர், மாடல், ஒரு போட்டோ இவை காருக்கு வெளியே எங்காவது எழுதிப் பத்திரமாக இருக்க வேண்டும். நம்பர் இல்லாத புகார் தரவகத்தில் ஏறாது. உடைந்த காரின் உள்ளே எதையும் தொடாமல் போலீசைக் கூப்பிட வேண்டும். கலிபோர்னியாவிலும் கொலராடோவிலும் ஐந்து நாளுக்குள், கனெக்டிகட்டில் 72 மணி நேரத்துக்குள் புகார் கொடுப்பது சட்டக் கட்டாயம். ஆனால் அந்தக் கெடுவரை காத்திருக்க ஒரு காரணமும் இல்லை. பியர் 14 துப்பாக்கி களவு போனதற்கும் வெடித்ததற்கும் நடுவே இருந்தது நான்கே நாள்.